பட்ஜெட் லேப்டாப்: எதற்குக் காசு கொடுப்பது, எதைப் பிறகு மாற்றுவது

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ரேம் (வேலை நினைவகம்), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ்) அளவுகளைக் கடைசியாகப் பாருங்கள். பல மாடல்களில் அவற்றைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். ப்ராசஸரை மாற்றவே முடியாது. திரையை மாற்றுவதும் இந்த பட்ஜெட்டில் கட்டுப்படியாகாது. காசு போகவேண்டிய இடம் அவைதான்.

ப்ராசஸர் பெயரில் ஏமாறுவது சுலபம். ஏஎம்டியின் ரைசன் 5 7520யு, 7530யு இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் முன்னது 4 கோர் உள்ள பழைய ஜென் 2 (ஜென் என்பது ப்ராசஸர் வடிவமைப்பின் பெயர்), பின்னது 6 கோர் உள்ள ஜென் 3. 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் ஜென் தலைமுறையைச் சொல்கிறது. 7520யு எடுத்தால் இன்னொரு சிக்கல்: அது எல்பிடிடிஆர்5 என்ற வகை ரேமோடு மட்டுமே வேலை செய்யும், அந்த ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும் (பற்றவைக்கப்பட்டிருக்கும்). 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

திரை ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். இன்னொரு வகையான டிஎன் பேனலைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தாலே நிறம் வெளிறும். 'ஏஐ' ஸ்டிக்கருக்குத் தனியாகக் காசு தரவேண்டாம்.

ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்பதைக் கடைக்காரரிடம் கேட்பதைவிட, அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலை இறக்கிப் பார்ப்பது மேல். எஸ்எஸ்டி 2242-ஆ 2280-ஆ (42 மிமீ, 80 மிமீ நீளம்) என்பதும் அதிலேயே இருக்கும். கூடுதல் ரேமின் அன்றைய விலையையும் பார்த்துவிடுங்கள். சில சமயம் 16 ஜிபி மாடலே மலிவாக முடியும்.

8 ஜிபி ரேமோடு இன்னொரு 8 ஜிபி போட்டால் டூயல் சேனல் (இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் வேலை செய்வது) கிடைக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு ரேம் தலைமுறைகளுக்கும் அடிப்பக்க வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் வாரண்டி நிபந்தனையைப் படியுங்கள், பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) மீட்புக் குறியீட்டை எழுதி வையுங்கள். ஷிப்ட் விசையைப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுத்து, சார்ஜரைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்களை இருந்த வரிசையிலேயே ஒரு தாளில் வையுங்கள்; நீளமானதைக் குட்டையான ஓட்டையில் முறுக்கினால் கைவைக்கும் பக்கம் புடைத்துவிடும். மூடியை பிளாஸ்டிக் கார்டால் நெம்பித் திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. ரேமைச் சுமார் 30 டிகிரி சாய்வில் உள்ளே தள்ளி, பக்கக் கிளிப்புகள் 'டிக்' என்று பிடிக்கும்வரை அழுத்துங்கள்.

முதல்முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். டிடிஆர்5-ல் இது சகஜம், புது ரேமைப் போர்டு சோதித்துக்கொண்டிருக்கிறது. பதறி ஆஃப் செய்யாதீர்கள். அதன்பிறகும் வராவிட்டால் ரேம் முழுதாக உட்காராமல் இருக்கலாம். கழற்றி மறுபடி போடுங்கள்.

புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடும்போது, இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான லேப்டாப்புகளில் டிரைவே தென்படாமல் போகலாம். காரணம் விஎம்டி என்ற இன்டெலின் சேமிப்பக வசதி. அதற்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் மென்பொருளை முன்கூட்டியே பென்டிரைவில் வைத்திருந்து 'லோட் டிரைவர்' கொடுத்தால் தெரியும். விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது என்பதால், அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானே ஆக்டிவேட் ஆகும். பழைய எஸ்எஸ்டியை ஒரு வாரமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.