பூஞ்சை பிடித்த இசைத்தட்டை விட்டுவிடாதீர்கள்

திருகோணமலையில் பழைய ஜாஸ் இசைத்தட்டு கண்ணில் பட்டால், வெண்பூஞ்சையைப் பார்த்துத் திரும்ப வைத்துவிடாதீர்கள். அதையே காட்டி விலையைக் குறைத்து வாங்குங்கள். கடற்காற்றின் ஈரப்பதனில் வளரும் பூஞ்சை, தட்டு செய்யப்பட்ட வினைல் பிளாஸ்டிக்கைத் தின்பதில்லை. மேலே படிந்த விரல் எண்ணெயிலும் தூசியிலும்தான் பிழைக்கிறது. காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மெல்லிய துணியால் பள்ளங்களின் போக்கிலேயே துடைத்து அலசினால் பெரும்பாலும் போய்விடும். நடுவிலுள்ள காகித லேபிள் மட்டும் நனையக் கூடாது. (உறையின் வாடை போகாது, புது உறை போடுங்கள்.)

கீறலுக்கு இது உதவாது. வெயிலில் சரித்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்கால் ஆனவை. அவற்றில் மதுசாரம் பட்டால் அரக்கு கரையும்.