இளவட்டக்கல் தூக்கப் பழகுவது எப்படி: ஒரு ராட்சத மல்லரை முன்வைத்து

பொங்கல் நெருங்கிவிட்டால் நெல்லைச் சீமையின் பல ஊர்களில், கோயில் வாசலில் ஆண்டு முழுவதும் மண்ணோடு மண்ணாகக் கிடந்த இளவட்டக்கல்லை, அதாவது தோளுக்குத் தூக்கிப் பின்னால் போட்டுப் பலம் காட்டும் உருண்டைக் கல்லை, புரட்டிக் கழுவி வைப்பார்கள். வள்ளியூர்ப் பக்கம் வடலிவிளையில் இது ஊரே கூடும் போட்டியாக நடக்கிறது. 45 கிலோவில் தொடங்கி நூறு கிலோவைத் தாண்டும் கற்கள் இருக்கும், பெண்களும் கலந்துகொள்கிறார்கள். முதன்முறையாகக் கல்லைத் தொடும் பையன்களைக் கவனித்தால், பெரும்பாலோர் தொலைக்காட்சி மல்யுத்தத்தில் பார்த்த தூக்கையே செய்து பார்ப்பது தெரியும். ஆகையால் கல்லுக்குப் போகுமுன் அந்தத் தூக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தொழில்முறை மல்யுத்தத்தில் மிகவும் பேசப்பட்ட தூக்கு, 1987 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் பாண்டியாக் நகர அரங்கில் ஹல்க் ஹோகன், 236 கிலோ என்று அறிவிக்கப்பட்ட ஆந்த்ரே தி ஜயன்ட்டைத் தூக்கிக் கீழே போட்டதாகும். ஆந்த்ரே அதற்குமுன் முதுகில் அறுவை செய்துகொண்டவர். ஆட்ட உடைக்கு உள்ளே முதுகுப்பட்டை கட்டியிருந்தார். அந்த வகைத் தூக்கில் தூக்கப்படுபவரும் சேர்ந்தே வேலை செய்கிறார்: காலை உந்தி எம்புகிறார், தூக்குபவர் மேல் கையை ஊன்றிக்கொள்கிறார், உடம்பைத் துவளவிடாமல் விறைப்பாக வைத்துக்கொடுக்கிறார். முதுகு வலியோடு நின்ற மனிதர் அத்தனை எடையையும் இன்னொருவர் கையில் ஒப்படைக்க இசைந்தாரே என்று நினைக்கும்போது, தூக்கியவரைவிடத் தூக்கப்பட்டவர் மேல்தான் எனக்கு மதிப்பு கூடுகிறது. இளவட்டக்கல்லோ எம்பிக் கொடுக்காது. பிடித்துக்கொள்ளத் தொடையோ தோளோ அதற்கு இல்லை, வழுவழுவென்ற உருண்டை மட்டுமே உண்டு.

எனவே கல்லில் தொடங்காதீர்கள். புரட்டாசியிலேயே ஒரு சாக்கில் 20 கிலோ மணலை அள்ளி, வாயைக் கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். மணல் உள்ளே நகர்ந்துகொண்டே இருப்பதால் விரற்பிடியை நம்ப முடியாமல் கை தானாகவே அணைக்கப் பழகும். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்குப் பத்துத் தூக்கு போதும். பத்து நாளைக்கு ஒரு முறை இரண்டு கிலோ கூட்டி வந்து, மார்கழி முடிவதற்குள் 40 கிலோ சாக்கு தடுமாறாமல் தோளுக்கு ஏறினால், 45 கிலோ கல்லைத் தொட்டுப் பார்க்கலாம். களக்காட்டு வாழைத்தோட்டங்களில் தார் சுமந்து பழகியவர்களுக்கு இந்தக் காலம் குறையும். இரத்தக்கொதிப்போ குடலிறக்கமோ இருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, இடுப்பில் துண்டை இறுக்கிச் சுற்றிக்கொள்ளுங்கள். கல் இரு பாதங்களுக்கும் நடுவில் வருமாறு காலை அகட்டி நின்று, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கல்லை லேசாகச் சாய்த்து விரல்களை அடியில் செலுத்துங்கள். தப்பு நடப்பது இங்கேதான். பத்தொன்பது வயதில் நான் கைகளை மடக்கி, கைச்சதையின் பலத்தாலேயே கல்லை இழுக்கப் பார்த்தேன்; கல் ஒரு சாண் எழும்பியது, என் இடுப்பு பிடித்துக்கொண்டது, மூன்று வாரம் பாயில் கிடந்தேன். திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “ஏலே, அது கொடம் இல்லலே இடுக்கிட்டுப் போறதுக்கு, பிள்ளையக் கட்டுத மாதிரிக் கட்டுலே” என்றார். முழு வித்தையும் அதில் இருக்கிறது. மார்பு கல்லில் ஒட்டவேண்டும், கைகள் கயிறுபோலச் சுற்றிக்கொள்ளவேண்டும், எழுப்புகிற வேலையைத் தொடையும் இடுப்பும் செய்யவேண்டும்.

முதல் மூச்சில் கல் தொடைக்கு வந்தால் போதும். ஒரேயடியாக நிமிர முயலாதீர்கள். கல்லை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கி, கைகளை இன்னும் கீழே இறக்கிக் கோத்துக்கொண்டு, மூச்சை வயிற்றில் நிறுத்தி எழுங்கள். நிமிரும்போது இடுப்பை முன்னே தள்ளினால் கல் வயிற்றின் மேல் உருண்டு நெஞ்சுக்கு ஏறும். அங்கிருந்து தோளுக்கு ஒரு தள்ளுதான். தோளில் ஏறியதும் முகத்தை மறுபக்கம் திருப்பி, கல் பின்னால் சரியும் அதே நொடியில் ஓர் அடி முன்னே வைக்கவேண்டும். பின்னால் ஆள் நிற்கக்கூடாது, தரை உழுத மண்ணாகவோ மணலாகவோ இருக்கவேண்டும். பாதியில் கை நழுவினால் கல்லைக் காப்பாற்றப் பார்க்காமல் முன்னே விட்டுவிட்டுப் பின்வாங்குங்கள்.

உடம்பைப் பெரிதாக்கினால் பலம் வந்துவிடும் என்று ஊசி போட்டுக்கொள்ளும் பையன்களையும் இப்போது பார்க்கிறேன். ஏழடி நான்கங்குலம் என்று அறிவிக்கப்பட்ட ஆந்த்ரேயின் உயரமும் பெருங்கைகளும் பயிற்சியில் வந்தவை அல்ல. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி வளர்ச்சி இயக்குநீரை அளவுக்கு மேல் சுரந்ததால் வந்தவை. பிரான்சின் மொலியன் சிற்றூரில் தகப்பனாரோடு வயலில் உழைத்து, பாரிசில் வீட்டுச்சாமான் சுமந்த அந்த உடம்பு, பின்னாளில் ஒரு திரைப்படத்தில் நாயகியைக் கையில் ஏந்தவும் முடியாமல் போனது. அந்தப் பெண்ணைக் கம்பியில் தாங்கிப் படமெடுத்தார்கள். 1993 ஜனவரியில், 46 வயதில், இதயம் செயலிழந்து இறந்தார். நம் பையன்கள் கொண்டாடும் இந்திய மல்லர் தி கிரேட் காளிக்கும் அதே சுரப்பியில் இருந்த கட்டியை 2012இல் அறுவை செய்து எடுத்தார்கள். வளர்ந்த பிறகும் ஒருவனுக்குச் செருப்பளவு ஏறிக்கொண்டே போனால், மோதிரம் இறுகினால், தாடை முன்னே நீண்டால், பெருமைப்படாமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

சாப்பாட்டுக்கு உளுந்து போதும். நூறு கிராம் உளுந்தில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருக்கிறது. நம் வீட்டு உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத்துவையலும், காலையில் கருப்பட்டி போட்ட உளுந்தங்களியும், வாரத்தில் சில நாள் முட்டையும் மீனும் சேர்ந்தால் பொடி டப்பா வாங்கத் தேவையில்லை.

போட்டிக்கு முந்திய நான்கு நாள் சாக்கைத் தொடாதீர்கள். அன்று காலை உள்ளங்கையிலும் மார்பிலும் வேர்வை ஒற்றி, உலர்ந்த மண்ணைத் தடவிக்கொண்டு, உங்களால் முடியும் கல்லுக்கு ஒரு படி கீழே உள்ளதை முதலில் தூக்குங்கள். அது சிரமமில்லாமல் தோள் ஏறினால் மட்டும் அடுத்த கல்லுக்குப் பெயர் கொடுங்கள்.