36 பிள்ளைகள், 12 டெஸ்க்: ஒன்பதாம் வகுப்பில் குழுவேலை

20-க்கு 20 அடி அறை, மூன்று பேர் உட்காரும் 12 டெஸ்க்-பெஞ்சு, நாலு வரிசை. கீழே வருவது இந்தக் கணக்குக்குத்தான். புது நாற்காலி எதுவும் வாங்க வேண்டாம்.

முதல் வாரம் எதையும் நகர்த்தாதீர்கள். சாய்மானம் இல்லாத பெஞ்சு என்றால், 1, 3-ஆம் வரிசைப் பிள்ளைகள் காலைத் தூக்கிப் பின்பக்கம் போட்டால் போதும். பின்வரிசை டெஸ்க் பொதுவாகிவிடும். பத்து விநாடி வேலை. திரும்பியவர்களுக்குக் கரும்பலகை தெரியாது என்பதால் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம்.

பாடவேளை முழுக்கக் குழுவேலை என்றால் இரண்டிரண்டு டெஸ்க்கை எதிரெதிரே ஒட்டுங்கள். டெஸ்க்கின் நீளம் பலகையிலிருந்து பின்சுவரை நோக்கி ஓட வேண்டும். அப்போது ஆறு பேருமே பலகைக்குப் பக்கவாட்டில் இருப்பார்கள், கழுத்தைத் திருப்பினால் எழுத்து தெரியும். அகலத்தில் மூன்று, ஆழத்தில் இரண்டு என ஆறு குழு. நடுவே நீங்கள் நடக்க ஒன்றரை அடியாவது விடுங்கள். நுழைய முடியாத மூலையில் வேலை நடக்காது. கால் நிற்கும் இடங்களில் ஆயில் பெயின்டால் பொட்டு வையுங்கள்: வரிசைக்கு வெள்ளை, குழுவுக்கு மஞ்சள். சாக்பீஸ் கோடு ஒரு பெருக்கலில் போய்விடும். இழுக்கும் சத்தத்துக்குப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிக் காலடியில் இறுக்கிக் கட்டலாம். ஆனால் ஒரு டெஸ்க்குக்கு இருவர், தூக்கித்தான் வைக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் மேற்கு ஜன்னல் வழியே சாரல் அடிக்கும். அந்தப் பக்கக் குழுவை ஓரடி உள்ளே தள்ளுங்கள். தரையில் பாய் போடும் யோசனையை மழை மாதங்களில் மறந்துவிடலாம், பூஞ்சை பிடிக்கும்.

இனி பாடம். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று தனியாக முடித்துவிடக்கூடிய வேலையைக் கொடுத்தால் மற்ற ஐந்து பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். குழுவேலை பெரும்பாலும் கெடுவது இங்கேதான், பெஞ்சில் அல்ல. 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் உளவியலாளர் எலியட் அரான்சன் வகுத்த ஜிக்சா முறை இதற்கு நல்ல மருந்து: பாடத்தைத் துண்டாக்கி, ஆளுக்கொரு துண்டு மட்டும் கொடுப்பது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்து மழையையே எடுங்கள். அரைப்பக்கத் துண்டுகள் ஐந்து: தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை, பேச்சிப்பாறை அணையும் கோதையாற்றுப் பாசனமும், கன்னிப்பூ-கும்பப்பூ நெல் பருவங்கள், 2017 ஒக்கிப் புயல். ஆறு பேருக்கு ஐந்து துண்டு. கடினமானதை இருவருக்குக் கொடுங்கள். யாராவது வராத நாளில் அந்த இருவரில் ஒருவர் விடுபட்ட துண்டை எடுத்துக்கொள்வார்.

45 நிமிடம் இப்படிப் போகும். டெஸ்க் மாற்ற 2, விளக்க 5. ஒரே துண்டு வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடிப் படிக்க 12. இருவருக்குக் கொடுத்த துண்டுக்கு மட்டும் 12 பேர் சேர்வார்கள், இரண்டாகப் பிரியுங்கள். இடம் மாற 2. சொந்தக் குழுவுக்குத் திரும்பித் துண்டுக்கு 3 நிமிடம் சொல்லிக்கொடுக்க 15. தனியாக எழுத 7. டெஸ்க்கைத் திருப்பிப் போட 2.

எழுதும் கேள்வி ஐந்து துண்டும் சேர்ந்தால்தான் விடை வரும்படி இருக்கட்டும்: “கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டுக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஒக்கி போன்ற புயல் எந்தப் பயிரை நிலத்தில் நிற்கும்போது பிடிக்கும், ஏன்?” மதிப்பெண் தனித்தனியே. குழுவுக்கு ஒரே மதிப்பெண் போட்டால் அடுத்த நாளே வீட்டிலிருந்து புகார் வரும், அது நியாயமும்கூட.

குழு பிரிக்க வருகைப்பதிவு வரிசை வேண்டாம், நண்பர்கள் விருப்பமும் வேண்டாம். மதிப்பெண் வரிசையில் 1 முதல் 6 வரை ஆறு குழுவுக்கும் ஒவ்வொருவராகக் கொடுங்கள். 7-ஆம் ஆள் ஆறாம் குழுவுக்கு, 12-ஆம் ஆள் முதல் குழுவுக்கு என்று பாம்பாய் வளைந்து வாருங்கள். ஒரு மாதம் கழித்துக் கலைத்துவிடுங்கள்.

சத்தம் வரத்தான் செய்யும். “மக்களே, பேசாதீங்க” என்று கத்தினால் பேச்சே வேலையாக இருக்கும் வகுப்பில் குழப்பம்தான் மிஞ்சும். கையை உயர்த்தி நில்லுங்கள். பார்த்தவர் தானும் கையை உயர்த்தி வாயை மூட வேண்டும். இதை மட்டும் முதல் நாளே நாலைந்து தடவை பழக்கிவிடுங்கள்.