குளிரில் கிளம்பாத பழைய டீசல் டிராக்டர்

மாஸி ஃபெர்குசன் 135 போன்ற பழைய டீசல் டிராக்டர் உறைபனிக் காலையில் கிளம்ப மறுத்தால், எதையும் கழற்றுவதற்கு முன், ஸ்டார்ட்டர் சுற்றும்போது புகைபோக்கியைக் கவனியுங்கள். புகையே வராவிட்டால் சிலிண்டருக்கு டீசல் போய்ச் சேரவில்லை என்று பொருள். குளிரில் டீசலிலுள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்திருக்கலாம், அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கலாம். வெண்புகை வந்தால் டீசல் வருகிறது, பற்றிக்கொள்ளத்தான் சூடு போதவில்லை.

இந்தக் குறைக்குப் பெரும்பாலும் பேட்டரியே காரணம். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அழுத்தம் கசிந்து, உள்ளிருக்கும் காற்று போதிய அளவு சூடேறுவதில்லை. சும்மா இருக்கையில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் அது தளர்ந்துவிட்டது. ஆனால் புதியது வாங்குமுன், முனைகளில் பூத்த பச்சைப் படிவத்தையும், எர்த் கம்பி இணையும் இடத்திலுள்ள துருவையும் உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டிவிடுங்கள். பலருக்கு இதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

அடுத்து, எஞ்சினுக்குள் காற்று நுழையும் குழாயான மேனிஃபோல்டில் பொருத்திய தெர்மோஸ்டார்ட்டை, அதாவது சிறிது டீசலை எரித்து உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் கருவியைப் பாருங்கள். சாவியைச் சூடேற்றும் நிலையில் 15 முதல் 20 விநாடி வரை பிடித்திருந்தும் அங்கே வெப்பமே தெரியாவிட்டால், அதற்கு மின்சாரம் வருகிறதா, அதன் சிறு கலத்தில் டீசல் இருக்கிறதா என்று சோதியுங்கள். அது வேலை செய்யும் எஞ்சினில் ஈதர் ஸ்பிரேயை (எஞ்சினைக் கிளப்ப அடிக்கும், எளிதில் தீப்பற்றும் திரவம்) ஒருபோதும் அடிக்காதீர்கள், மேனிஃபோல்டுக்குள்ளேயே வெடிக்கும்.