தூசணமும் போட்காஸ்ட்டும்: வன்னியில் பதிவு செய்வோர் விடும் பிழைகள்

தூசணம் வரும் இடத்தில் ‘பீப்’ போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் பிழை. அவசரத்தில் சொல்லின் நடுப்பகுதியை மட்டும் மறைக்கிறார்கள். முதல் எழுத்து தப்பிவிடுகிறது. தமிழ்க் காதுக்கு அந்த ஓர் எழுத்தே போதும். ஒடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, சொல் தொடங்குவதற்குச் சற்று முன்னிருந்தே தெரிவு செய்யுங்கள். கடைசியில் ‘-ஐ’, ‘-உக்கு’ போன்ற உருபு மிஞ்சினால் பரவாயில்லை, வசனம் விளங்கும்.

அதில் பீப் ஒலியை உருவாக்கும் ‘டோன்’ பெட்டியைத் திறந்தால் 440 ஹேர்ட்ஸ், வீச்சு (ஒலியின் உரப்பு) 0.8 என்று இருக்கும். அப்படியே விட்டால் ஹெட்செட்டில் கேட்பவரின் காது கிழியும். 1000 ஹேர்ட்ஸ், 0.1 என மாற்றுங்கள். இரண்டு மைக்கில் பதிந்திருந்தால் மற்ற ட்ராக்கையும் தனியாகப் போட்டுக் கேளுங்கள். எதிரே இருந்தவரின் மைக்கிலும் அதே சொல் மெல்லிசாக விழுந்திருக்கும், பீப்புக்கு அடியில் அது கேட்கும். அந்த இடத்தைத் தெரிவு செய்து கன்ட்ரோல்-எல் அழுத்தினால் மௌனமாகும். முன்னோட்டத்துக்கு வெட்டும் துண்டை, திருத்திய கோப்பிலிருந்தே எடுங்கள். மூலப் பதிவிலிருந்து எடுத்து மாட்டுப்படுவோர் அதிகம்.

ஆப்பிள் போட்காஸ்ட்டில் தூசணம் உள்ள பாகத்துக்கு ‘எக்ஸ்பிளிசிட்’ (பிள்ளைகளுக்கு உகந்ததல்ல) என்ற அடையாளம் இடுவது கட்டாயம். ஆனால் அதை மட்டும் நம்பவேண்டாம். ஒலிக்கோப்பை ஒருவர் வட்ஸ்அப்பில் அனுப்பினால் அடையாளம் கூடப் போகாது. கிளிநொச்சியில் ஓட்டோவிலோ மல்லாவியில் குசினியிலோ அது ஸ்பீக்கரில் ஓடும், பக்கத்தில் அம்மம்மாவும் பிள்ளைகளும் இருப்பார்கள். ஆகவே எச்சரிக்கையைக் குரலிலேயே, தொடக்க இசைக்கும் முன்னால் சொல்லுங்கள்: “இதில தூசணம் வரும், பிள்ளையள் பக்கத்தில இருந்தால் பிறகு கேளுங்கோ.”

தூசணமே இல்லாமலும் காயப்படுத்தலாம். போரில் கால் இழந்தவர்கள் ஊருக்கு ஊர் வாழும் மண்ணில் ‘நொண்டிச் சாட்டு’ என்பது வெறும் பகிடி அல்ல. பீப் போடவேண்டிய சொல் என்றால், எங்கள் கணக்கில் பல தூசணங்களுக்கு முன்னால் அது வரும். ‘விசர்’ என்பதைக் கோபத்தில் சொல்வது வேறு, மனநலச் சிகிச்சை பெறுபவரைப் பற்றிச் சொல்வது வேறு.

கடல் கடந்தால் சொல்லின் நிறையும் மாறும். ‘பெட்டை’ இங்கே சாதாரணமாக ஒரு பெண்பிள்ளை. தமிழ்நாட்டில் கேட்பவருக்குக் கோழியோ நாயோ நினைவுக்கு வந்து வசவாகப் படும். ‘அம்மா பேசினா’ என்றால் நமக்கு ஏச்சு, அவர்களுக்கு வெறும் உரையாடல். அங்கும் கேட்பார்கள் என்றால் ஒருமுறை விளக்கிவிட்டுத் தொடருங்கள், சொல்லை மாற்றவேண்டியதில்லை.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. விளைந்த வயலை யானை மிதித்துவிட்டுப் போன ஆத்திரத்தில் ஒரு கமக்காரர் திட்டுவதை வெட்டி, செய்தி வாசிக்கும் தமிழில் அறிவிப்பாளர் சுருக்கிச் சொன்னால் அவருடைய இழப்பே காணாமல் போய்விடும். சொல்லை மறையுங்கள், மூச்சையும் குரல் நடுக்கத்தையும் விடுங்கள். பதிவு முடிந்த கையோடு அந்தத் துண்டை அவருக்கே போட்டுக்காட்டி, “ஐயா, இது அப்படியே போகலாமோ?” என்று கேளுங்கள். வீடு திரும்பிப் போனில் கேட்டால், தான் என்ன சொன்னார் என்று நினைவில்லாமல் “உங்கட விருப்பம்” என்றுதான் சொல்வார்.