கெட்டிக்காரப் பிள்ளைக்கும் கற்றல் குறைபாடு இருக்கலாம்: நாம் செய்யும் தவறுகள்

நிலநடுக்கம் ஏன் வருகிறது என்று எட்டு வயதுப் பிள்ளை அழகாகச் சொல்கிறது. அதையே எழுதச் சொன்னால் நாலு வரிதான் வருகிறது, அதிலும் ஆறு பிழை. உடனே நம் வாயில் வருவது: “இவ்வளவு பேசத் தெரியுதே, எழுத மட்டும் சோம்பலா?”

முதல் தவறே இந்தச் ‘சோம்பல்’ என்ற சொல்தான். அது சோம்பல் இல்லாமல், அறிவு நன்றாக இருந்தும் வாசிக்கவோ எழுதவோ திணற வைக்கும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், வாசிக்கத் திணறிய 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். தன் பெயரைக்கூட எழுத்து இடம்மாற்றி எழுதியவன் அவன். ஆனால் அவனுடைய ஆசிரியர், பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்றாராம். இத்தனை ஆண்டுகள் ஆகியும் அந்த ஆசிரியர் கவனித்ததை நாம் கவனிக்கத் தவறுகிறோம் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது, “பாஸ் ஆகிறானே, அப்புறம் என்ன கவலை?” என்று விட்டுவிடுவது. அறிவுள்ள பிள்ளை படத்தைப் பார்த்தும், முன்பின் வாக்கியத்தை வைத்தும் சொல்லை ஊகித்துவிடும். கேட்டதை மனப்பாடமாகவே ஒப்பித்துவிடும். திறமை குறையை மூடுகிறது, குறை திறமையை மூடுகிறது, வெளியே தெரிவது சுமாரான மதிப்பெண். மூன்றாம், நான்காம் வகுப்பில் நீண்ட பாடத்தைத் தானே படித்து எழுத வேண்டி வரும்போது, பலருக்கு இந்தச் சமாளிப்பு உடைகிறது. காலையில் வயிற்றுவலி, கிழித்துப் போட்ட நோட்டு என்று அது வெளிப்படலாம்.

பரிசோதனைக்குப் போனாலும் ஐ.க்யூ. (அறிவுத்திறன் அளவு) என்ற ஒரே எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்கப் பரவலாகப் பயன்படும் வெக்ஸ்லர் சோதனையின் ஐந்தாம் பதிப்பில் ஐந்து பிரிவுகள் உண்டு; ஒவ்வொன்றிலும் சராசரி 100. மொழித்திறனில் 135, வேலையைச் செய்து முடிக்கும் வேகத்தில் 85 வாங்கும் பிள்ளையின் மொத்த எண் அந்த இரண்டில் எதையுமே காட்டாது. பிரிவுவாரியாக விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பார்வை, கேட்கும் திறன் இரண்டையும் முன்பே சோதித்துவிடுவது நல்லது.

எனக்கு மிகவும் மனம் வலிக்கும் தவறு ஒன்று உண்டு. “முதலில் கையெழுத்தைச் சரி பண்ணு, அப்புறம் ரோபோ செய்யலாம்” என்பது. நாள் முழுக்கத் தோற்கும் பிள்ளைக்குத் தன்னாலும் முடியும் என்று தெரிகிற ஒரே இடம் அதுதான். அதைப் பிடுங்கிவிட்டால் கையெழுத்தும் திருந்தாது. வாசிப்புக்குத் தனிப் பயிற்சியும் வேண்டும், மூளைக்குத் தீனியும் வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். பதிலைச் சொல்லச் சொல்லி வேறொருவர் எழுதித் தருவதும், தேர்வில் கூடுதல் நேரம் கேட்பதும் சலுகை இல்லை. தெரிந்ததைக் காட்ட ஒரு வழி.

சந்தேகம் இருந்தால், ஒரே கேள்வியை இன்று வாயால் கேளுங்கள், சில நாள் கழித்து எழுதச் சொல்லுங்கள். பிள்ளை சொன்னதை அப்படியே குறித்து, எழுதிய தாளோடு சேர்த்து நிபுணரிடம் கொண்டு போங்கள்.