மீட்டெடுத்த பழைய நாடக அரங்குக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாமதமாகப் போகாதீர்கள், கைப்பேசியை அணையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. சிறு நகரங்களில் புதுப்பித்துத் திறந்திருக்கும் பழைய அரங்குகளுக்கு முதன்முறை போகிறவர்கள் இடறி விழும் இடங்கள் வேறு.

விலையைப் பார்த்து இருக்கை எடுப்பது

இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். தரைத்தளம், நடுப்பகுதி, கூடுதல் விலை, ஆகவே நல்ல இடம் என்று முடிவுகட்டி டிக்கெட் எடுக்கிறார்கள். போய் உட்கார்ந்தால் தலைக்கு நேர் மேலே பால்கனியின் அடிப்பாகம்தான் இருக்கிறது. பல ஆண்டு உழைப்பில் மீட்ட கூரை ஓவியம் துளிகூடக் கண்ணில் படாது.

காதுக்கும் நஷ்டம்தான். கூரையிலும் மேல்சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒலியைப் பால்கனி மறித்துவிடும். மேடையிலிருந்து நேராக வருவது மட்டுமே எட்டுவதால் குரல் செழுமையிழந்து தட்டையாகக் கேட்கும். பால்கனிக்கு அடியில் உள்ள ஆழம், அதன் முகப்புத் திறப்பின் உயரத்தை இசையரங்கில் தாண்டக் கூடாது. ஓப்பரா எனும் மேற்கத்திய இசை நாடகத்துக்கான அரங்கில் அதைப் போல இரண்டு மடங்கு வரை போகலாம். ஒலியியலாளர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு இது. கூடுதல் ஆட்களை உட்காரவைக்கக் கட்டிய பழைய அரங்குகளில் இதை மீறியவை உண்டு. கடைசி வரிசைகளில் அது நன்றாகவே தெரியும்.

அடுத்தது தூண்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எஃகு உத்தரங்கள் பரவும்வரை பால்கனிகளை வார்ப்பிரும்புத் தூண்களே தாங்கின. புதுப்பிக்கும்போது அவற்றை எடுத்துவிட முடியாது. மேலே உள்ள எடை முழுவதும் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

குதிரை லாட வடிவ அரங்குகளில் பக்கவாட்டு பாக்ஸ்கள், அதாவது சில நாற்காலிகள் மட்டும் உள்ள தனி மாடங்கள், மேடையைப் பார்ப்பதற்கு எவ்வளவோ, மற்றவர் பார்வையில் படுவதற்கும் அவ்வளவு. பின் நாற்காலி கிடைத்தவர்கள் எழுந்து நின்று, கழுத்தை நீட்டி, பாதி மேடையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கமான காட்சி. ஜெர்மனியின் பைரோய்ட்டில் 1748இல் திறந்த மார்க்கிரேவ் ஓப்பரா அரங்கில் ஆட்சியாளரின் மாடம் மேடைக்கு நேர் எதிரே இருக்கிறது. தூரம் நீள்வதுபோல் வரைந்த அக்காலத்து மேடைத் திரைச்சீலைகள் பிசகின்றிப் பொருந்தித் தெரிவது நடுக்கோட்டிலிருந்துதான்.

ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள். பால்கனி விளிம்பு எந்த வரிசைக்கு மேல் முடிகிறது? இருக்கைக்கும் மேடைக்கும் நடுவே தூண் வருகிறதா? பாக்ஸ் என்றால், முன் நாற்காலியா, பின் நாற்காலியா? தரைத்தளம்தான் வேண்டுமென்றால் விளிம்புக்கு முன்னால் உள்ள வரிசையில் எடுங்கள். அரங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் பால்கனியின் நடுவில் இரண்டாவது, மூன்றாவது வரிசை. முதல் வரிசையில் பாதுகாப்புக் கம்பி குள்ளமானவர்களின் கண்ணுக்கு நேரே வரலாம். உட்கார்ந்த இடத்திலிருந்து கூரையின் நடு தெரிகிறதென்றால் கூரையில் பட்டு வரும் ஒலியும் உங்களை எட்டும்.

நிகழ்ச்சியோடு திரும்பிவிடுவது

விளக்கணைத்த இரண்டு மணி நேரத்தில் அரங்கைப் பார்க்க முடியாது. சுற்றிக்காட்டும் நேரத்தைத் தனியாகக் கேளுங்கள். நிகழ்ச்சி நாளில் மேடையையும் அதற்கு அடியில் உள்ள தளத்தையும் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். செக் குடியரசின் செஸ்கி க்ரும்லோவ் கோட்டை அரங்கில் மேடைக் காட்சிகளை மாற்றும் 1760களின் மர இயந்திரங்கள் அப்படியே இருக்கின்றன. வழிகாட்டியோடு போனால்தான் பார்க்கலாம். முடிந்தால் முதலில் சுற்றிப் பாருங்கள், பிறகு இருக்கையைத் தேர்ந்தெடுங்கள்.

பருவத்தைக் கேட்காமல் கிளம்புவது

இத்தாலியின் விசென்சாவில் 1585இல் திறந்த ஒலிம்பிகோ அரங்கில் சூடேற்றும் வசதியும் குளிரூட்டும் வசதியும் இல்லை. ஈரப்பதமும் வெப்பமும் மாறினால் பழைய மரம் வெடிக்கும். அதனால் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும்தான். பார்வையாளர்களும் 400 பேருக்கு மேல் இல்லை. கட்டடத்தைக் காக்கும் அரங்குகள் இப்படித்தான் இருக்கும். தேதியைப் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்.

வாசலும் படியும்

மேல்மாடத்துக்குப் பக்கத்துச் சந்தில் தனி வாசல் இருக்கலாம். மலிவு டிக்கெட்காரர்களைப் பிரதான வாசலில் விடாத காலத்து ஏற்பாடு அது. படிகள் செங்குத்து, லிஃப்ட் மேல்தளம்வரை போகாமலும் இருக்கலாம், கழிப்பறை கீழே. முழங்கால் வலி உள்ளவர்கள் இதைக் கேட்காமல் மேல்மாடத்தில் எடுக்க வேண்டாம்.

உட்கார்ந்ததும் வெளியேறும் கதவு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வாய் அரங்கில் தீப்பிடித்து 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பூட்டிய கதவுகளும் திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்திருந்த வாசல்களும் அதற்குப் பெரிய காரணம்.

கைப்பிடிச் சுவர்

பால்கனி விளிம்பில் உள்ள இது தாழ்வானது. சாயாதீர்கள், அதன்மேல் எதையும் வைக்காதீர்கள்.

பொன்பூச்சு

தொடாதீர்கள். பொன்தாளின் தடிமன் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்குதான்.